திறக்காத களிம்பு

லண்டனிலிருந்து ஒரு வார விடுமுறையில் மாத்தளையில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியில் நுளம்பு விரட்டும் களிம்பு இருந்தது. பிறந்த ஊரில் வெள்ளைக்காரனைப் போல அதைப் பூசிக்கொண்டு உட்காரக் கூச்சமாக இருந்ததால், மூடியைக்கூடத் திறக்கவில்லை. பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து கடி வாங்கினேன்.

லண்டன் திரும்பிய சில நாட்களில் டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தங்கைக்குப் போன் செய்தேன்.

"நாங்க காலையிலயே நுளம்புச்சுருள் கொளுத்திருவோம்ண்ணே. புகை உங்களுக்கு ஒத்துக்காதுன்னுதான் அந்த வாரம் கொளுத்தல" என்றாள். பிறகு, "சின்ன மகளுக்கும் நேத்துலருந்து காய்ச்சல்" என்றாள்.

விருந்தாளியாகத் தெரியக் கூடாதென்றுதான் நான் களிம்பைத் திறக்காமல் இருந்தேன். அவர்களோ முதல் நாளே என்னை விருந்தாளியாக்கியிருந்தார்கள்.