பூக்காத நாற்பது லில்லிக் கன்றுகள்

எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தரைத்தளம் என் வீடு. ஜன்னலுக்கு வெளியே பத்தடி நீளத்துக்கு மண் இருக்கிறது. அதில் ஐந்து வருடமாக டே லில்லி வளர்க்கிறேன். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் அடுத்த மொட்டு விரியும். போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிவிட்டு வந்து அதைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த பிப்ரவரியில் பேராசைப்பட்டேன். தூரைத் தோண்டி எடுத்து, வேரை அலசி, கையாலேயே பிரித்தேன். மூன்று நான்கு கன்றுகள் சேர்ந்தாற்போல் நட்டால் அந்த வருடமே பூக்கும். நான் ஒவ்வொன்றாகப் பிய்த்து, இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, நாற்பது கன்று நட்டேன். எல்லாம் பிழைத்தன. ஒன்றுகூடப் பூக்கவில்லை.

மே மாதம் எங்கள் குடியிருப்போர் சொசைட்டி சேர்மன் வந்தார். மழைக்கு முன் மண்ணை மூடி, பேவர் கல் பதித்து, பைக் நிறுத்தப் போகிறார்களாம்.

"ஹே தர் கவத் ஆஹே, அண்ணா!" என்று மராத்தியில் சிரித்தார். இது வெறும் புல்லாம். பூச்செடி என்றால் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்குள் பூவைக் காட்டச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"ஏனுங்க, நர்சரில பூத்த தொட்டி ரெண்டு வாங்கியாந்து நடுவுல நட்டுப்போடலாமுங்க. அவருக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள் மனைவி.

"வேண்டாம்."

"அப்ப மீட்டிங்ல வாயத் தொறப்பீங்களாக்கும்?"

அதுவரை எல்லா மீட்டிங்கிலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டு வந்தவன் நான். நாலாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். தெரிந்த இந்தியில் சொன்னேன்: "இந்த வருஷம் பூக்காது. தப்பு என்னோடது, ரொம்பச் சின்னதாப் பிரிச்சிட்டேன். அதுக்காகப் பிடுங்க மாட்டேன். கல் பதிக்க வர்றவங்க என்னைத் தாண்டித்தான் பதிக்கணும்."

யாரோ சிரித்தார்கள். சேர்மன் தண்ணீர் டேங்க் விஷயத்துக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை கல் பதிக்க ஆட்கள் வந்தபோது, லீவு போட்டுவிட்டுக் கன்றுகளுக்கு முன்னால் நின்றேன். மேஸ்திரி போன் செய்தார். சேர்மன் பால்கனிக்கு வந்து, "ஹட்டோ, அண்ணா!" என்று கத்தினார். நான் நகரவில்லை. இன்னும் இரண்டு முறை கத்தினார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எதுவரைக்கும் பதிக்கணும்?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார்.

அவர் கையிலிருந்த நூலை வாங்கி நானே இழுத்துக் கட்டினேன். கன்றுகளை ஒட்டி அல்ல, இன்னும் ஒரு முழம் தள்ளி. அடுத்த முறை பிரித்து நட இடம் வேண்டாமா?