புல்லட்டுக்கு நான் சுமந்த பாகங்கள்

2005இல் காடாம்புலியூர் முந்திரித் தோப்பு ஒன்றில் கிடந்த பழைய புல்லட்டை விலைபேசி, மினி லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்தார் என் கணவர். அதன் சீட்டில் கோழி முட்டையிட்டிருக்கிறது; இறகுகூட ஒட்டியிருந்தது. வாசலில் இறக்கிய கையோடு சொன்னார்: "வண்டி மட்டும் ரெடியாவட்டும், ஷிஃப்டு இல்லாத நாளெல்லாம் உன்னை நானே சிதம்பரத்துல கொண்டுபோய் உடுறேன். பஸ்ஸுல தொங்க வேணாம்."

சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அந்த வார்த்தையை நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

சிப்காட்டில் ஷிஃப்டு முடிந்து வந்ததும் அவர் முன் அறையில் உட்கார்ந்துவிடுவார். வண்டி முழுவதும் பாகம் பாகமாகப் பேப்பர் மேல் பரவிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தவர்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். தேய்ந்த பாகங்களுக்கு மாற்று கடலூரில் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு கடையில் பழைய சரக்கு இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் போகிறவள் நான்தானே!

கடைக்காரர் முதல் நாளே கறாராகச் சொன்னார். "சாம்பிள் இல்லாம நான் தர்றதில்லம்மா. பழசைக் கையோட கொண்டாங்க."

அப்படித்தான் தேய்ந்த புஷ்ஷும் பேரிங்கும் ஸ்பிராக்கெட்டும் என் டிபன் பைக்குள் ஏறின. எலுமிச்சை சாதத்தில் கிரீஸ் வாடை அடித்தது. "அக்கா, இன்னிக்கு என்ன, கியர் ஆயில் குழம்பா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். சிரித்து வைப்பேன். கடைக்குப் போகிற நாளில், உட்கார இடம் கிடைக்கிற பஸ் போய்விடும். அடுத்ததில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அவர் புதுப் பாகத்தை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "அரை நூல் ஜாஸ்தியா இருக்கே, மாத்திக்கிட்டு வந்துடேன்" என்பார். மறுநாளும் நிற்பேன்.

மூன்றாம் வருடம் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. மருந்துக் கடையில் முட்டிக்கு உறை வாங்கிப் புடவைக்குள் மாட்டிக்கொண்டேன். வீடே கிரீஸாக நாறியதில் என் தைலத்தின் வாடை யாருக்குத் தெரியும்? அவரிடம் இரண்டு முறை சொன்னேன். ஒருமுறை நட்டை வாயில் கவ்வியபடி "ம்" என்றார். இன்னொரு முறை அதுவும் இல்லை. ஆனால் இன்ஜினில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, எந்த மூலையில் எது ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். சண்டை போடவும் தெம்பில்லாமல் படுத்துவிடுவேன்.

2010இல் வண்டி ஓடியது. எனக்காக இடது பக்கம் புது ஃபுட்ரெஸ்ட் மாட்டியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை, டிபன் பையோடு நான் தயார். "கிளப்புறதுக்கு முன்னாடி ஏறிப் பாரு, உசரம் சரியா இருக்கான்னு" என்று வண்டியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்.

ஃபுட்ரெஸ்ட்டில் வலது காலை ஊன்றி எழும்பினேன். கடக்கென்று ஒரு சத்தம். வலியில் அப்படியே கீழே காலை வைத்துவிட்டேன்.

அவர் சட்டென்று இறங்கி, ஸ்டாண்டு போட்டு, குனிந்து ஃபுட்ரெஸ்ட்டை ஆட்டிப் பார்த்தார். போல்ட்டைத் திருகிப் பார்த்தார். "இங்கேருந்துதானே வந்துது சத்தம்?" என்றார்.

"என் முட்டிங்க அது."

குனிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பலேருந்து?"

"நீங்க கிளட்ச் பிளேட் மாத்துனீங்களே, அதுக்கும் முன்னாடிலேருந்து."

எனக்கு அழுகை வந்தது, நேரமும் ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வண்டியை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, கிரீஸ் கையோடு பின்னாலேயே வந்தார். பையை வாங்கிக்கொண்டார். புதுச்சேரியிலிருந்து வரும் சிதம்பரம் பஸ் நிரம்பி வந்தது. அவரும் ஏறினார். சிதம்பரம்வரை இருவரும் நின்றுகொண்டே போனோம்.