அம்மா என்னை அத்தை என்றாள்

அம்மா என் முன்னால் உட்காருவதை விட்டுவிட்டாள். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து சுவரோரமாய் நிற்பாள். கஞ்சியைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், குடிக்கமாட்டாள். தொண்ணூறைத் தாண்டிய உடம்பு. ஜன்னல் வெயில் பட்டு அவள் காது மடல் சிவப்பாய்த் தெரியும். நின்ற இடத்திலிருந்தே எங்கேயோ போய்விடுவாள். கிண்ணத்தில் ஆவி அடங்கி ஏடு கட்டும்.

சைகோனில் சீனக்காரர் தெருவில் பிறந்தவள் அவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் அப்பா கட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் நான் கைக்குழந்தையாம். தமிழை இங்கே வந்துதான் கற்றாள். நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்து கோணல்மாணலாய் வரும், இருந்தாலும் இதை நானேதான் எழுதுகிறேன்.

ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி தம்பி பிரான்சிலிருந்து எத்தனையோ முறை சொன்னான். பெற்றவளைக் குளிப்பாட்டக் கூலிக்கு ஆளா என்று மறுத்துவிட்டேன். இப்போது அவள் சாப்பிடாமல் இளைத்துப்போக, அவனே முடிவு பண்ணிவிட்டான்.

"அக்கா, சிஸ்டருங்க நடத்துற ஹோமுல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம வண்டி வரும். அங்க டியூப் வச்சாவது குடுப்பாங்க."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீ இதுவரைக்கும் யார கேட்டிருக்க?"

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். "நான் உன் பொண்ணும்மா" என்று எத்தனை முறை சொல்வது? சொல்லச் சொல்ல அவள் தலை தாழ்ந்தது. கிண்ணத்தை அவள் கையில் திணித்தேன். "சாப்பிட்டுத் தொலையேம்மா!"

அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "தப்பு அத்தே. நீங்க இன்னும் சாப்பிடல. நான் எப்பிடி?"

பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இறுக்கி முடிந்த வெள்ளைக் கொண்டை, அகன்ற மூக்கு. அப்பாவைப் பெற்றவள் அங்கே நின்றிருந்தாள்.

அந்த அம்மாள் சாகும்வரைக்கும் என் அம்மா கையால் ஒரு வாய் உண்ணவில்லை. கண்டதைத் தின்கிற சாதி என்பாள். அம்மா தன் ஊர் வழக்கப்படி கஞ்சியில் ஊற்றிக்கொள்ள மீன் சாற்றுப் புட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். தனி அடுப்பில் தானே பொங்கித் தின்பாள். அவள் தின்று எழும்வரை அம்மா சுவரோரம் நிற்பாள். அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அவளைப்போல் இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு வாரம் அவர்களோடு பேசமாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "மாமியாராவே இருந்துட்டுப் போயேன் ஆயா. காலு அமுக்கச் சொல்லலாம்."

"போடி வேலையத்தவளே" என்றேன். ஆனால் அந்தப் பேச்சு மனசுக்குள் தங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பசிக்குது" என்றேன், அந்த அம்மாளின் கனத்த குரலில். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். சட்டியிலிருந்து கஞ்சியை மொண்டாள். இஞ்சித் துருவலைத் தூவினாள். மீன் சாற்றுப் புட்டியை எடுத்தவள், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் திறக்காமலே வைத்துவிட்டாள்.

"அதையும் ஊத்து" என்றேன்.

வெகுநேரம் என்னையே பார்த்தாள். வெளியே வேப்பமரம் அசைய, தரையில் நிழல் தண்ணீர்போல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஊற்றினாள். அவள் நீட்டிய கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். என் தொண்டையில் இறங்குகிற ஒவ்வொரு வாயையும் அவள் பார்த்திருந்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்ததும் தனக்கும் மொண்டு வந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முழுக் கிண்ணமும் குடித்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "பொண்ணு இன்னும் வரலியே அத்தே. பள்ளிக்கூடம் விட்டிருக்குமே. பசியோட வரும். அதுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டா?"

அவள் காத்திருந்தாள்.

"வை" என்றேன்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். "வண்டி வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

"அய்யோ, அம்மா சாப்பாடு?"

"அது வேளாவேளைக்கு நடக்குது. உங்கம்மா இப்ப மாமியார் வூட்ல இருக்காடா. நீ வண்டி அனுப்புனா நான் உட்ருவனா?"