பேழையில் ஒன்பதாவது ஆள்

நோவாவின் பேழையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் வாய் ஒன்பது என்றுதான் சொல்லும். வேதாகமத்தில் எட்டுப் பேர்தான். நோவா, அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் என்ன செய்வது, நான் அந்தக் கதையைச் சித்தி வாயால் கேட்டவள்.

சித்தி அம்மாவின் தங்கை. ஓசூரில் எங்கள் வீட்டில் தங்கிக் கிருஷ்ணகிரியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் பேருந்தில் ஜன்னல் ஓரம் பிடித்ததும் கதை யோசிக்கத் தொடங்கிவிடுவாள். சூளகிரி தாண்டுவதற்குள் யோனா மீன் வயிற்றுக்குள் போயிருப்பான், கல்லூரி வாசலில் வெளியே வந்துவிடுவான். சாயங்காலம் திரும்பினால் வாலிபர் கூட்டம், பாட்டுப் பயிற்சி, ஞாயிறு பள்ளிக்குப் பொம்மை தைப்பது. வீட்டில் ஜோடியாக ஒரு சாக்ஸ் கிடையாது. அப்பாவின் சாக்ஸ் கோலியாத், என் சாக்ஸ் தாவீது.

"பரீட்சை பேப்பர்லயும் கததான் எழுதுவியாடி?" என்று அம்மா கத்துவாள்.

"கேள்வி கஷ்டமா இருந்தா வேற என்னக்கா எழுதறது?" என்பாள் சித்தி. வாயில் ஊசி நூல் இருக்கும், அப்போதும் பேச்சு நிற்காது.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த வருடம் அது. அப்பா வேலை பார்த்த வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அவர் நின்ற உற்பத்தி லைனையே மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். பிறகு பாகலூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தொப்பி, விசில். எனக்கோ ஒரே கொண்டாட்டம். லைனில் அப்பா என்ன செய்தார் என்பது எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை, விசில் விளங்கியது.

ஆனால் சபையில் எப்போதும் முன்வரிசையில் உட்காரும் அப்பா அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவதையே விட்டுவிட்டார். கேட்டால் "ஞாயித்துக்கெழமையும் டூட்டி" என்பார். சபையில் யாராவது விசாரித்தால் அம்மா, "கம்பெனியில ஓவர்டைமுங்க" என்று சிரித்துச் சமாளிப்பாள். டூட்டி இல்லாத ஞாயிறிலும் அவர் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு மட்டும் லீவு உண்டு, நமக்கு இல்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மே மாதம் வி.பி.எஸ். வந்தது. கோடை விடுமுறையில் சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, கதை, கடைசியில் பிஸ்கட்டும் ஜூஸும். அந்த முறை அதில் இன்னொரு விசேஷம். நிறைவு நாளில் தலைமைச் சபையிலிருந்து பெரிய பாஸ்டர் வருகிறார். மாவட்டம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லும் குழுவுக்கு எங்கள் சபையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். தனி வேன், மேடை, மைக்! போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை என்று சித்தி ஊர்ப் பெயர்களைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். காலையில் செமஸ்டர் பரீட்சை எழுதிவிட்டு, மாலையில் பேருந்திலிருந்து குதித்து நேராகச் சபைக்கு ஓடி வருவாள். சாப்பிட்டாளா என்று யாருக்கும் தெரியாது.

சித்தியின் பேழை மூன்று ஷிப்டில் கட்டப்பட்டது. சேம் முதல் ஷிப்ட், காம் இரண்டாவது ஷிப்ட், யாப்பேத்துக்கு நைட் ஷிப்ட். ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். எல்லா மிருகங்களும் நேரத்துக்கு வந்துவிட, யானைகள் மட்டும் சானமாவுக் காட்டுப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் நின்றுவிட்டன. இவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கேட்டில் ஆள் வேண்டாமா? வேண்டும். அந்த வாட்ச்மேன் நான்தான்.

தொப்பியைக் கேட்டது சித்தியே. "மாமா, உங்க தொப்பியும் விசிலும் சாயங்காலத்துல எனக்கு வேணும். பாப்பாவுக்கு வேஷம்" என்றாள் அப்பாவிடம். அம்மா கரண்டியோடு ஓடி வந்து, "அதெல்லாம் எதுக்குடி சர்ச்சுக்கு? நாலு பேரு கேப்பாங்க" என்றாள். அப்பா ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தூசி தட்டி என் தலையில் வைத்தார். அது மூக்கு வரைக்கும் இறங்கியது.

"டூட்டிக்கு முன்னால குடுத்துடணும் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அடடா, அந்த நோவா கதை! பிள்ளைகள் எல்லாரும் மிருகங்கள். நான் விசிலடித்து ஒவ்வொன்றையும் நிறுத்தி, "ஐடி கார்டு எங்க?" என்று கேட்பேன். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளை "ரண்டி, ரண்டி" என்றும், கன்னடக்காரப் பிள்ளைகளை "பேக, பேக" என்றும் உள்ளே விரட்டுவேன். ஆமை ஷிப்டுக்கு லேட். குரங்கு என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். சிரித்துச் சிரித்து ஒரு பையனுக்கு விக்கலே வந்துவிட்டது.

அப்புறம் சித்தி குரலை இறக்குவாள். மழை. எல்லாரும் ஏறியாகிவிட்டது. கர்த்தர் கதவை அடைக்கப் போகிறார். நோவாவின் மனைவி தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திடீரென்று கேட்கிறாள்: "ஏங்க, நம்மள எல்லாம் உள்ள அனுப்புனாரே, கேட்ல நின்னவரு, அவரு எங்க?" எட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். "உள்ள வாங்க!" என்கிறார்கள். "டூட்டி முடியலீங்கம்மா" என்கிறார் வாட்ச்மேன். அது என் வசனம். அதைச் சொன்னதும் கூடமே எழுந்து, "உள்ள வா! உள்ள வா!" என்று கத்தியது. ஆளுக்கொரு கை பிடித்து என்னை மேடைக்கு இழுத்தார்கள். சட்டைப் பொத்தான் தெறித்தது. நான் சொர்க்கத்தில் இருந்தேன்.

எங்கள் சபை மூப்பருக்கு மட்டும் பொறுக்கவில்லை. கெட்டவரில்லை, வேதத்தை வரி வரியாக அறிந்தவர். "கதையில உப்பு போடலாம்மா. நீ ஆளையே போட்டுட்டியே" என்றார் சித்தியிடம். நியாயமான பேச்சுதான். சித்தி சிரித்து மழுப்பிவிட்டாள்.

நிறைவு நாள் வந்தது. பெற்றோர்கள் எல்லாம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தொப்பியும் விசிலுமாக முதல் வரிசையில் தரையில் இருந்தேன். பெரிய பாஸ்டர் நல்ல தமாஷான மனிதர். மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டார். நாங்கள் பட்டாசாகப் பதில் சொன்னோம். மேடையோரம் நின்ற சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்போது அவர் கேட்டார்: "நோவாவோட பேழையில மொத்தம் எத்தன பேரு?"

"ஒன்பது!"

கூரைத் தகடு அதிர்ந்தது. பெரிய பாஸ்டர் காதைத் தடவிக்கொண்டு, "எத்தன?" என்றார். "ஒன்பது!" அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். "எட்டுதானப்பா வருது. ஒன்பதாவது ஆளு யாரு?"

"வாட்ச்மேன்!" என்று அத்தனை பேரும் கத்த, நான் எழுந்து நின்று விசிலை ஊதினேன்.

பெரியவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரிய பாஸ்டரும்தான் சிரித்தார். மூப்பர் மட்டும் மேடையேறி அவர் காதில் ஏதோ சொன்னார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பெரிய பாஸ்டர் சித்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ நல்லா கத சொல்றம்மா. உன்னத்தான் எடுக்கணும்னு வந்தேன். ஆனா பிள்ளைங்க மனசுல தப்பா பதிஞ்சுடக் கூடாது பாரு. பேழையில வாட்ச்மேன்னு யாரும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சுபோச்சு" என்றார். கோபமில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

சித்தி மைக்கை வாங்கினாள். "பிள்ளைங்களா, வேதத்துல எட்டுப் பேருதான். அத மறக்கக் கூடாது, சரியா?" என்றாள். பெரிய பாஸ்டர் தலையாட்டி, "அந்த வாட்ச்மேனையும் சொல்லிடும்மா" என்றார்.

சித்தி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. எங்கள் சித்திக்கு! சொல்லு சித்தி, சொல்லிவிட்டு வேனில் ஏறு! அவள் எங்களுக்கு மேலே, பின்பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், அப்பா நின்றிருந்தார். நீலச் சட்டை, வெறும் தலை. தொப்பி வாங்கிப்போக வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"ஐயா, மன்னிச்சுடுங்க" என்றாள் சித்தி. "அவர நான்தான் ஏத்துனேன். எறக்கிவிட என்னால முடியாதுங்க."

மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். கூடத்தில் ஒரே முணுமுணுப்பு. பெரிய பாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, கீபோர்டு வாசிக்கும் அக்காவின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், வேன் போயிற்று.

ஜெபம் முடிந்ததும் நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா அங்கே போய்விட்டிருந்தாள். பெரிய பாஸ்டரின் மனைவி அப்பாவைக் காட்டி, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க. அபார்ட்மெண்ட்டுல வாட்ச்மேனா இருக்காரு" என்றாள். ஓவர்டைம் என்று சொல்ல மறந்துவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

எனக்கோ வேறு அவசரம். "அப்பா, பாத்தீங்களா? என்னோட ஆக்டிங்க விடக் கூடாதுன்னு சித்தி பெரிய பாஸ்டர்கிட்டயே முடியாதுன்னுட்டாங்க!" என்று குதித்தேன்.

அப்பா என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தார். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பின்ன? இவ மாதிரி யாரு மாமா நிப்பா?" என்றாள்.

அழுகிறாளே, பாவம் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேன் போனால் போகட்டும், அடுத்த கதையிலும் நானே நடித்துக்கொடுக்கிறேன் என்று பெரிய மனதோடு வாக்குக் கொடுத்தேன். எனக்காக இத்தனை பெரிய வாய்ப்பை விட்டுவிட்டாளே என்று பெருமை தாங்கவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள், அந்த ஒன்பதாவது ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.