மெதுவாகப் பாடச் சொன்னார்கள்

போட்டி விதிகளின் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ‘போட்டியாளர் சிங்களத்திலோ தமிழிலோ பாடலாம். சுருதி, தாளம், உச்சரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே புள்ளி வழங்கப்படும்.’ வலயக் கல்வி அலுவலகத்தில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதியை வாசிக்காமல் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை. இதையும் வாசித்துவிட்டுத்தான் தங்கச்சி மகளைக் கொழும்புத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்கு அனுப்பினேன்.

அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். பாடக் கற்றது மாரியம்மன் திருவிழா ஊர்வலத்தில். நாலைந்து தப்புப் பறைகள் ஒன்றாக அதிரும்போது குரல் அதற்கு மேலே எழாவிட்டால், மலை வளைவில் பின்னால் வருகிறவர்களுக்குப் பாட்டு இல்லை.

மூன்றாம் சுற்றில் ஒரு நடுவர் சிங்களத்தில், தங்கையை அழைப்பதுபோல் அன்பாகவே, “நங்கி, மைக்தான் இருக்கிறதே, இந்தியப் படப் பாட்டு மாதிரி எதற்குக் கத்துகிறீர்கள்?” என்றார். அரங்கம் சிரித்தது. அங்கே ரசிக்கப்படுவது காதோடு ரகசியம் சொல்வது போன்ற பாட்டு. நானும் ரசிப்பவன்தான். ஆனால் ஏழாம் பிரிவில் ரகசியத்துக்குப் புள்ளி கிடையாது. சுருதி பிசகவில்லை என்று சொல்லிக்கொண்டே அவளை வெளியேற்றினார்கள். அதே வாரம் ஓர் ஆங்கில அலைவரிசையில், இதைவிட இரு மடங்கு கத்திய பெண்ணுக்கு நடுவர்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த சுற்றுக்கு முன் பதில் தர வேண்டும் என்பது பதினோராம் பிரிவு. அடுத்த சுற்று முடிந்தது. இறுதிச் சுற்றும் முடிந்தது.

இதற்கிடையில் சென்னைப் போட்டி ஒன்றுக்குத் தொலைபேசியில் பாடிக் காட்டினாள். அங்கே குரல் பிடித்துவிட்டது.

“வாய்ஸ் சூப்பர்மா. ஆனா ஸ்ரீலங்காத் தமிழ்ல பேசுங்களேன்,” என்றான் அந்த நிகழ்ச்சிக்காரன்.

“நாங்க இப்படித்தாங்க பேசுவோம்.”

“திருச்சிப் பொண்ணு மாதிரில்ல இருக்கு. சரி, சண்டைல வீட்ல யாராச்சும்?”

“இல்லீங்க. மண்சரிவுல எங்க லயத்து வீடெல்லாம் போச்சு.”

“அது இங்கயும் நடக்குதும்மா.”

அப்புறம் அவன் அழைக்கவில்லை. கொழும்புக்கு அவள் இந்தியாக்காரி மாதிரிப் பாடினாள். சென்னைக்கு இலங்கைக்காரி மாதிரி அழவில்லை.

மிச்சமிருந்தது என் மேன்முறையீடு மட்டும். அதை நம்பி அவள் பழக ஆரம்பித்தாள். காம்பராவில் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் தொண்டையை இறுக்கி, மூச்சைப் பாதியாக்கி.

“எதுக்கு பாப்பா இது?” என்றேன்.

“திரும்பக் கூப்பிட்டா கத்தக் கூடாதுல்ல, மாமா.”

இந்த வருடத் திருவிழாவிலும் அவள்தான் பாடினாள். இரண்டாம் வளைவிலேயே தப்புக்காரர் நிறுத்திவிட்டு, “என்னா பாப்பா, தொண்டை கட்டிருச்சா? வாய்தான் அசையுது” என்றார். அவள் முயன்றாள். பழைய இடத்துக்குக் குரல் ஏறவில்லை. உடைந்து இருமலாக வந்தது. மற்றொரு பெண்ணைப் பாடச் சொன்னார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பதில் ஒரு பக்கம்தான். ஏழாம் பிரிவு மீறப்பட்டதை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த பருவத்தில் அவள் நேரடியாக மூன்றாம் சுற்றுக்கு வந்து, தனக்கே உரிய அந்தப் பலத்த குரலில் பாடலாம் என்றும் எழுதியிருந்தது. தபால்காரர் அதைக் கொண்டுவந்தது திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை.