மௌனத்துக்கு டியூஷன்

என் மகளின் வகுப்பு டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்ன புகாரை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. மௌன நேரத்தில் இவள் பேசுவதே இல்லையாம்!

முதலிலிருந்து சொல்கிறேன். அபுதாபியில், முசஃபாவைத் தாண்டிப் போகிற வழியில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வந்தது. குவேக்கர் என்று கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர் இருக்கிறார்களாம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, வட்டமாகச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார்கள். ஓட்டெடுப்பும் கிடையாது. ஒருவர் 'எனக்குச் சம்மதமில்லை' என்றாலும் முடிவு தள்ளிப்போகும், மறுபடி மௌனமாக உட்காருவார்கள். மதத்தை விட்டுவிட்டு இந்த வழக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறாவதிலிருந்து எட்டாவது வரை நடத்துகிறோம் என்றார்கள். எளிமை, உண்மை, சமத்துவம் என்று வாசலில் ஆளுயரப் பித்தளை எழுத்துகள். எளிமைக்குப் பித்தளை! அதைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

என் கணவர் திருப்பவில்லை. அவர் எலக்ட்ரிகல் இன்ஜினியர், புதிதாக எது வந்தாலும் மயங்குவார். "இங்க ரேங்க் கெடையாதாம், ஸ்ட்ரெஸ் கெடையாதாம்" என்றார். பிரின்சிபால் ஒரு வெள்ளைக்காரர். இங்கே எல்லாரும் சமம், என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். "ஓகே சார், தேங்க்யூ சார்" என்றார் இவர். அங்கே மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கிற பெண்ணை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சமத்துவம் மாடிப்படி வரைக்கும்தான் போல.

ஆனால் என் மகளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, பெரிய கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மௌனமாக உட்கார வேண்டும். அந்த ஒரு பொழுதுக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். எங்கள் ஃபிளாட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அவள் அப்பா சைட்டில் இருக்கிற ஆட்களிடம் ஃபோனில் "அரே பாய், ஜல்தி!" என்று தொண்டை கிழியக் கத்துவார். நான் ஊருக்கு வீடியோ காலில் கத்துவேன். ஏசி தன் பங்குக்கு உறுமும். இதற்கு நடுவில், சாப்பிட்டியா, படிச்சியா, ஏன் ஒரு மாதிரி இருக்கே என்று ஆள் மாற்றி ஆள் அவளைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

"அங்க யாரும் என்னை ஒண்ணுமே கேக்க மாட்டாங்கம்மா" என்றாள் ஒரு நாள். "ஐ லவ் இட்."

நன்றாகப் போய்க்கொண்டிருந்த அதைக் கெடுக்கப் பள்ளிக்கூடத்தாலேயே முடிந்தது. ரிப்போர்ட் கார்டில் 'மௌன நேரத்தில் பங்களிப்பு' என்று ஒரு பத்தி சேர்த்தார்கள். அவ்வளவுதான், நம் ஆட்களுக்குக் கேட்க வேண்டுமா! பத்தி என்று ஒன்று இருந்தால் அதில் 'மிக நன்று' வாங்கியாக வேண்டுமே. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிற ஒரு அம்மா, மௌனத்துக்கும் டியூஷன் ஆரம்பித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறக்க வேண்டும், விட்டத்தைப் பார்க்க வேண்டும், இப்போதுதான் தோன்றியது போல ஒரு சின்னத் தயக்கத்தோடு எழுந்திருக்க வேண்டும், பிறகு மனப்பாடம் செய்த நாலு வரி. பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள். துபாயிலிருந்து ஒருவர் ஆன்லைனில் கிடைக்குமா என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தார்.

பெற்றோரை அழைத்த ஒரு வியாழக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். கண்றாவி! ஒரு பையன் எழுந்து, தன்னை விடப் பெரிய அரிசியைச் சுமந்து போகும் எறும்பைப் பற்றிச் சொன்னான். கொஞ்சம் கழித்து இன்னொரு பெண் அதே எறும்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருத்தன் எழுந்தபோது, அடக் கடவுளே, இவனுக்காவது வேறு ஜந்து கிடைத்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதே எறும்புதான். பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரை அன்றோடு நான் மனிதராக மதிப்பதை விட்டேன்.

என் மகள் எழுந்திருக்கவில்லை. மடியில் கை வைத்து, சாய்ந்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அதற்குத்தான் அந்தப் புகார்.

டீச்சரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"எனக்கு ஒண்ணும் தோணலப்பா. தோணாம சொன்னா அது பொய்தானே?"

"கீழ டியூஷன்ல சேத்து விடறேன். எல்லாம் தோணும்."

"வேண்டவே வேண்டாம்" என்று அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன்.

ஆண்டுக் கடைசியில் மறுபடி அழைப்பு வந்தது. வருஷம் முழுக்க இவளுடைய 'பங்களிப்பு' பூஜ்யமாம். எட்டாம் வகுப்பில் இவளைத் தொடர விடுவதா, வேறு பள்ளிக்கு அனுப்புவதா என்று வட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கப் போகிறார்களாம். எனக்கென்ன, விட்டது சனி என்றுதான் முதலில் நினைத்தேன். இவள் அழுதாள். எதற்கும் அழாத பிள்ளை, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு அந்த ஸ்கூல் வேணும்மா. வேற எங்கயும் சும்மா இருக்க விட மாட்டாங்க."

நான் துச்சமாக நினைத்த பள்ளிக்கூடத்தில் என் பெண்ணுக்கு இடம் கேட்டு நானே போக வேண்டியதாயிற்று.

பிரின்சிபால், வகுப்பு டீச்சர், கவுன்சலர், நாங்கள் மூவர், அவ்வளவு பேர்தான் வட்டம். சிறிது நேரம் மௌனம். பிறகு பிரின்சிபால் இங்கிலீஷில், தேன் ஒழுக ஒழுகப் பேசினார். இந்தக் குழந்தை வேறொரு தோட்டத்தில் இன்னும் நன்றாக மலரும் என்று உணர்கிறோம், எல்லோருக்கும் சம்மதமா என்றார். டீச்சர் தலையாட்டினார். கவுன்சலர் தலையாட்டினார். இவரும் பழக்க தோஷத்தில் ஆட்டப் போனார், தொடையில் கிள்ளினேன்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றாள் என் மகள். அந்த வட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

பிரின்சிபால் புன்னகையை விடவில்லை. அவர் பள்ளியின் விதி அது, என்ன செய்ய முடியும்? அப்படியானால் ஒத்த மனம் வரும்வரை மௌனமாகக் காத்திருப்போம் என்றார். பிள்ளைதானே, கொஞ்ச நேரத்தில் இளகிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

உட்கார்ந்தோம். கவுன்சலர் இருமினார். டீச்சரின் ஃபோன் கைப்பைக்குள் நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, புதிதாகச் சேர்க்க வந்த பெற்றோர்கள் சுற்றிப் பார்க்கக் காத்து நின்றார்கள். பிரின்சிபாலின் கால் ஆடத் தொடங்கியது. மௌனம் மௌனம் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மனிதருக்கு அது உட்கார்ந்த இடத்தில் முள்ளாகக் குத்தியது. இவருக்கும் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது, நான் இன்னொரு முறை கிள்ளினேன். என் மகள் மட்டும் மடியில் கை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபமில்லை, பிடிவாதமில்லை. தூங்கி எழுந்த குழந்தையின் முகம் போல அவள் முகம் தெளிந்து இருந்தது. அடி என் ராஜாத்தி என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு, வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தேவிட்டார். "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம். வளைகுடாவில் இத்தனை வருஷம் இருந்து அவர் கற்ற அரபிச் சொல் அது ஒன்றுதான் போலிருக்கிறது. முடிவு மாறிவிட்டது, அடுத்த வருஷமும் அவள் இங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே புது ஆட்களை வரவேற்க வெளியே ஓடினார்.

காரில் ஏறியதும் ஃபோன் அடித்தது. மூன்றாவது மாடி டியூஷன் அம்மா. அதற்குள் செய்தி போயிருக்கிறது.

"ஏங்க, சீட் குடுத்துட்டாங்களாமே! பாப்பா அப்படி என்னதாங்க பேசினா? அப்படியே எழுதி அனுப்புங்களேன், நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

"ஒண்ணும் பேசலங்க. சும்மா உக்காந்திருந்தா."

"சும்மான்னா? எப்படிச் சும்மா?"

நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் என் மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, அதான் சீட் கெடச்சிருச்சே, இன்னும் என்ன?"

"அவர் ஏம்மா அதுக்குள்ள எந்திரிச்சிட்டார்? இப்பத்தான் நல்லா இருக்க ஆரம்பிச்சுது."