உஷ் மாமாவின் விசில்

என் அக்கா புருஷனை எங்கள் தெருவே ‘உஷ்’ என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கே ஆள் தெரியாது. “உஷ் வீடு எது?” என்று கேட்டால்தான் கை காட்டுவார். நான் மாமா என்பேன். கோபம் வந்தால் நானும் உஷ் என்பேன். எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் மாமாவின் வேலை. கும்பல் ஏற்றமாட்டார். ஒரு நாளைக்கு ஒரே குடும்பம், காலையில் ஏற்றினால் பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்குவார். வேனில் பாட்டு கிடையாது. மலைப்பாதையில் ஏதாவது ஒரு வளைவில் சட்டென்று இன்ஜினை அணைப்பார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, விரலை உதட்டில் வைத்து, “உஷ்!” என்பார். எப்பேர்ப்பட்ட வாயாடியும் அடங்கிவிடுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு மெதுவாகக் கை நீளும். கை நீண்ட பக்கம் பார்த்தால் பாறையில் மலையாடு நிற்கும், இல்லையென்றால் கிளையில் ஆந்தை உட்கார்ந்திருக்கும்.

“மலைக்கு வர்றவங்க எல்லாரும் கண்ணை மட்டும்தான் எடுத்துட்டு வர்றாங்க. காதை வீட்டுலயே மாட்டி வெச்சிட்டு வந்துடறாங்க” என்பார்.

முன்பு அவர் பால் லாரி ஓட்டினார். விடியற்காலையில் மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போய், கேன்கள் வந்து சேரும்வரை ஆற்றுப்பாலத்தருகே லாரியை நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள். இவர் தூங்காமல் பனிக்குள் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். எந்தச் சத்தம் யாருடையது என்று அப்படித்தான் படித்திருக்கிறார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டது அந்த லாரி நாட்களில்தான்.

எங்கள் முன்னறை பாதி அக்காவுக்கு, பாதி எனக்கு. ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். எதிர்ச்சுவரில் மூலைகள் சுருண்ட மலை வரைபடம், அதன் கீழே என் மேஜை, மேஜைமேல் டெலிபோன். போன் வந்தால் பேசி, ஆளைப் பிடித்து, நாளைக் குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாமா என்னை ‘மேனேஜரம்மா’ என்று கூப்பிட்டுச் சீண்டுவார். மேனேஜரம்மாவின் நாற்காலியில் எந்நேரமும் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலையில் வேன் மருந்துக்கடை முனையில் திரும்பும்போது மாமா ஒரு விசில் அடிப்பார். மெல்லிய, ஏறி இறங்கும் ஒரே ஒரு விசில். அக்கா மிஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் லைட்டைப் போடுவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கூத்து இது. “தெருப்பொறுக்கி மாதிரி விசில் அடிக்கிறாரே, மானம் போகுது” என்று திட்டிக்கொண்டேதான் போடுவாள். ஆனால் பொழுது சாய்ந்தால் மிஷினை மெதுவாகத்தான் மிதிப்பாள், சத்தத்தில் விசில் தப்பிவிடக்கூடாதே என்று. அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

அந்த விசில் போன குளிர்காலத்தில் நின்றுபோனது.

வேன் சத்தமில்லாமல் வந்து நிற்கும். மாமா உள்ளே வருவார், சாப்பிடுவார், படுப்பார். அக்கா எதைக் கேட்டாலும் “ம்”. “உப்பு போதுமா?” “ம்.” “மழை வருமா?” “ம்.” ஒருநாள் எரிச்சலில் அவள், “நான் செத்துட்டேனா?” என்று கேட்டாள். அதற்கும் “ம்” என்றார். அவள் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சவாரிகளையும் தட்டிக்கழிக்க ஆரம்பித்தார். வண்டிக்கு வேலை இருக்கிறது என்பார், உடம்பு சரியில்லை என்பார். போனில் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

ஒருநாள் மதியம் அக்கா ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அவருக்கு நான் வேண்டாதவளா போயிட்டேன்டி” என்றாள். “அத அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் நான் அழறதா, ஒழியறதான்னு முடிவு பண்ணிக்கறேன்.”

“வீட்டுல கேட்டா ‘ம்’தான் வரும். வேன்ல ஏறிக் கேளு. ஸ்டியரிங்கை விட்டுட்டு எங்க ஓடுவாரு?” என்றேன்.

இத்தனை வருஷத்தில் அக்கா ஒருநாளும் அந்த மலைக்குப் போனதில்லை. ஜன்னலில்தான் தெரிகிறதே, அதற்கு வேன் எதற்கு என்பாள். அன்று மட்டும் சரி என்றாள். நான் மாமாவிடம், “ரெண்டு லேடீஸ், நாள் பூரா வேணுமாம். வாக்கு கொடுத்துட்டேன், முடியாதுன்னு சொன்னா என் மரியாதை என்ன ஆகுறது?” என்று குதித்தேன். என் குதிப்புக்குப் பயந்து தலையாட்டினார்.

மறுநாள் காலை மருந்துக்கடை முனையில் நாங்கள் இருவரும் நின்றோம். அக்கா எப்போதாவது உடுத்தும் நீலப் புடவையை உடுத்தியிருந்தாள். கையில் சாப்பாட்டு டப்பாவும் டீ பிளாஸ்க்கும். வேன் வந்தது. மாமா எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கஸ்டமர் எங்க?”

“நாங்கதான்” என்றேன்.

“விளையாடறீங்களா? வீட்டுக்குப் போங்க, நான் வண்டியைத் திருப்பறேன்.”

அக்கா அதற்குள் முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திவிட்டாள். “ஏன், நான் வந்தா மலை எந்திரிச்சு ஓடிடுமா? ஓட்டுங்க” என்றாள்.

ஓட்டினார். ஊர் தீர்ந்தது. மரங்கள் நெருங்கி வந்தன. சாலைமேல் பனி படுத்திருந்தது, வேன் அதற்குள் போகப் போக அது வழிவிட்டு, பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. பின்சீட்டில் எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பியிருந்தது, அடுத்த வளைவில் வெயில் விழுந்து அடியில் ஒரு ஏரி தெரிந்தது, அதற்கடுத்த வளைவில் ஏரியே இல்லை. கனவில்தான் இப்படி இடம் மாறும். அக்காவின் கோபம் கன்னத்தில் அப்படியேதான் இருந்தது, ஆனால் வாய் லேசாகத் திறந்திருந்தது. “இவ்வளவு கிட்டவா இருந்துச்சு இது?” என்று யாரிடமும் இல்லாமல் கேட்டாள்.

மலை ஏற ஏற எங்கள் காதுகள் அடைத்து அடைத்துத் திறந்தன. அப்போதுதான் சீட்டுக்கு அடியிலிருந்து ‘கீ...’ என்று ஒரு சத்தம் வந்தது.

“ஐயோ, பாம்பு!” என்று நான் சீட்டின்மேல் ஏறி நின்றேன். தலை கூரையில் இடித்தது. அக்கா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். சத்தம் நிற்கவில்லை, இன்னும் கூர்மையாக இழுத்தது. மாமா வண்டியை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?”

“அந்தச் சத்தம்!”

“எந்தச் சத்தம்?”

பிளாஸ்க்! டீ சூட்டில் மூடி வழியாக ஆவி பிதுங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகியதும் அடங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கியரைப் போட்டார்.

உச்சிப் பாறையில் மலையாடுகள் நின்றன. தாடியும் வளைந்த கொம்புமாக ஒரு பெரிய கிடா எங்களை மேலிருந்து பார்த்தது. காசு கேட்க வந்த உறவினரைப் பார்ப்பது போன்ற பார்வை. மாமா அவற்றைக் கண்ணால்தான் பிடித்தார், “உஷ்” என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்தாள்.

மதியத்துக்குமேல் ஆற்றுப்பாலத்துக்கு வந்தோம். பால் லாரி நின்ற அதே இடம். நாணல் கரை, கறுத்த தண்ணீர், அதன்மேல் கிழிந்து கிழிந்து நகரும் பனி. மாமா இன்ஜினை அணைத்தார். இறங்கி, பழக்கம் விடாமல் விரலை உதட்டில் வைத்து, “உஷ்” என்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். பிறகு, மெல்லிசாக, ஏறி இறங்கி, ஒரு விசில்.

அக்கா துள்ளித் திரும்பி மாமாவைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்க்கவில்லை. மாமாவின் உதடுகள் மூடியிருந்தன, விரல் இன்னும் அவற்றின்மேல் இருந்தது. மறுபடியும் அதே விசில், ஆற்றிலிருந்து. கீழ்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது.

மாமா விரலை எடுத்தார். “இன்னிக்கு இல்லை போல. வாங்க, போகலாம்” என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்தாள். நாணலுக்கு இந்தப் பக்கம் ஒரு நீர்நாய் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தியது, மீசையெல்லாம் தண்ணீர். விசில் வந்த திசையில் இன்னொன்று, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

“உங்களுக்குக் கேக்கலையா?” என்றாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார். பொய் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.

“கேக்கல” என்றார். “ஆத்தை விட்டு அதுங்க போயிடுச்சுன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு கஸ்டமர் வீட்டுப் பொண்ணு, ‘அங்கிள், இவ்வளவு சத்தமா கத்துது, உங்களுக்குக் கேக்கலையா’ன்னு சிரிச்சா. அப்பத்தான் புரிஞ்சுது, போனது அதுங்க இல்ல. டாக்டரைப் பாத்தேன். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகுமாம். காதுல மெஷின் வெச்சா பேச்சு கேக்குமாம், இதெல்லாம் சந்தேகம்தானாம்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?” என்று நான் கத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“உஷ்ஷுன்னு பேரு. காது கேக்கலைன்னு எந்த வாயால சொல்றது?”

அக்கா அவர் கையை விடவில்லை. “அந்த விசில்” என்றாள். “தெருமுனையில நீங்க அடிப்பீங்களே, அது இதுதானா?”

“வேற எனக்கு என்ன தெரியும்? ஒண்ணு ‘நான் இங்க இருக்கேன்’னு சொல்லும், இன்னொண்ணு ‘நானும் இருக்கேன்’னு சொல்லும். உன்னோட பதில் அந்த லைட்டு.”

“நான் பொறுக்கின்னு திட்டினேனே, பாவி.”

“அது கேட்டுச்சு, நல்லாவே” என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நீர்நாய்கள் முழுகிவிட்டன.

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?” என்றாள் அவள். இத்தனை நாள் கேட்க நினைத்ததை இவ்வளவு மெதுவாகக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “நான் வேண்டாதவளா போயிட்டேன்னு நினைச்சேன்.”

மாமா அவளைப் பார்த்த பார்வையில் நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “வண்டியில வரும்போது தனியா அடிச்சுப் பாத்தேன்” என்றார். “எனக்கு வெறும் காத்துதான் வர்ற மாதிரி இருக்கு. வருதா வரலையான்னு தெரியாம முனையில நின்னு எப்படி ஊதறது? நீ லைட்டைப் போடலைன்னா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “இனிமே நானும் கூட வரேன். மிஷின் கிடக்கட்டும். காதை நான் கொண்டு வரேன். கண்ணை நீங்க கொண்டு வாங்க.”

“உனக்கு மலையாடு கத்தறதுக்கும் பிளாஸ்க் கத்தறதுக்கும் வித்தியாசம் தெரியாதே” என்றார்.

“சொல்லிக் கொடுங்க. ‘ம்’னு மட்டும் சொல்லாதீங்க.”

திரும்பும் வழியில் மேகம் எங்களோடு கூடவே இறங்கியது. மாமா வழியெல்லாம் பேசினார். சேர்த்துவைத்த பேச்சு அவ்வளவும் கொட்டியது. மலைச்சரிவுகள் நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு எங்கே முடிகின்றன என்று தெரியாமல் வானத்தோடு கலந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரின் குரலையும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மருந்துக்கடை முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். “நான் நடந்து போறேன். நான் உள்ள போன அப்புறம் நீங்க முனைக்கு வாங்க” என்று இறங்கினாள். நீலப் புடவை தெருவில் போய், எங்கள் வாசலுக்குள் மறைந்தது. கதவு சாத்திக்கொண்டது. வாசல் இருட்டாக இருந்தது.

மாமா வண்டியை முனைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியை இறக்கினார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

ஊதினார்.

வெறும் காற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

வாசல் லைட் எரிந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணெல்லாம் அந்த வெளிச்சம்.

“வந்துச்சா, மேனேஜரம்மா? விசில் வந்துச்சா?”

“என்னைக் கேக்கறீங்களே மாமா” என்றேன். “அங்க லைட்டு எரியுது பாருங்க.”